குவாதலூப்பில் பத்து நாள்: ஹோட்டலுக்கு முன்னால் கரையைத் தேர்ந்தெடுங்கள்

கேட்டவர் பாரிஸ் புறநகரில் இருப்பவர். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு 10 நாள், கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகிறார்: கணவன், மனைவி, 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் 68 வயது அம்மா. "கடலோரத்திலேயே இருக்கும் ஹோட்டல் எடுக்கலாமா, இல்லை வீடு வாடகைக்கு எடுக்கலாமா? எந்த ஹோட்டல் நல்லது? அங்கே போயும் கார் ஓட்டிக்கொண்டிருக்க விருப்பமில்லை. அம்மா சைவம்" என்று எழுதியிருக்கிறார். எந்த ஹோட்டல் என்று கேட்டாலும், அவருக்குத் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். காலையில் எழுந்து பிள்ளைகளைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போய், பயமில்லாமல் கடலில் இறக்கிவிட முடிகிற இடம் எது? அதே இடத்தில் அம்மாவுக்கு ஒரு வாய் சோறும் கிடைக்க வேண்டும். இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் பாரிஸில் ஒரு பயண நிறுவனத்தில் 14 ஆண்டு வேலை பார்த்தவன். அதில் கடைசி நான்கு ஆண்டு குவாதலூப்பிலேயே இருந்து, வருகிறவர்களுக்குத் தங்குமிடம் பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் ஹோட்டல் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. தீவில் தங்குமிடங்கள் அடிக்கடி கைமாறும், சமையல்காரர் மாறுவார், ஒரு மழைக்காலம் போனால் கட்டடமே வேறு மாதிரி ஆகிவிடும். கரை மட்டும் அப்படி மாறாது, அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குவாதலூப் ஒரு வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். இரண்டு சிறகும் இரண்டு தனித்தீவுகள். நடுவில் ஆறு என்று பெயர் வைத்திருக்கிற ஒரு ஒடுங்கிய கடல் வாய்க்கால், அதன் மேல் பாலங்கள். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: சுண்ணாம்புக்கல் நிலம், ஏறக்குறைய தட்டை, வெள்ளை மணல், மழை குறைவு. மேற்குச் சிறகு பாஸ்-தேர்: எரிமலை நிலம், காடு, அருவி, பொன்னிற மணலும் கறுப்பு மணலும். சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர், கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்துச் சிற்றண்டிலிஸ் தீவுகளிலேயே உயரமானது அதுதான். பாஸ்-தேர் என்றால் தாழ்ந்த நிலம் என்று பொருள், மலை இருக்கும் தீவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று எல்லோரும் கேட்பார்கள். அது பாய்மரக் கப்பல்காரர்களின் சொல். காற்றுக்கு மறைவான பக்கம் பாஸ்-தேர், காற்று வந்து மோதும் பக்கம் காபெஸ்தேர். அந்தப் பெயரில் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. தங்குமிடம் தேடுகிறவருக்கு இந்த இரண்டு சொல்லும் விளம்பரப் படங்கள் எல்லாவற்றையும் விடப் பயன்படும்.

ஏனென்றால் அங்கே காற்று கிழக்கிலிருந்துதான் வரும். பிரெஞ்சில் அலிசே என்பார்கள், நம் கடற்கரைக்காரர்கள் கொண்டல் என்கிற அதே திசை. ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஓயாமல் வீசும். அலையும் அந்தப் பக்கமிருந்துதான், கடலில் மிதக்கிற குப்பையும் அந்தப் பக்கமிருந்துதான். 2011இலிருந்து இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: சார்கசம் என்ற பழுப்புக் கடற்பாசி. அட்லாண்டிக்கில் பாய் பாயாக மிதந்து வந்து, கிழக்கு முகமும் தெற்கு முகமும் உள்ள கரைகளில் ஒதுங்கும். தண்ணீரில் மிதக்கும் வரை பெரிய தொந்தரவில்லை. கரையில் குவிந்து இரண்டு மூன்று நாள் அழுகியபின் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், தலைவலி, கண்ணெரிச்சல். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

இதை நான் கற்றது ஒரு குடும்பத்தின் செலவில். கிழக்குக் கரையில் ஒரு வாடகை வீடு, வாசலில் இறங்கினால் கடல், படங்கள் அப்படி ஒரு அழகு. நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன். கரையில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு மெத்தை, மேலே ஈ. வீட்டுக்குள் எல்லா ஜன்னலும் சாத்தி ஈரத்துணி அடைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா தன் காலை நீட்டிக் காட்டினார்: வெள்ளிக் கொலுசு மூன்று நாளில் கரிக்கட்டை நிறமாகியிருந்தது. அந்த வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும், ஏசி இயந்திரத்தையும் தொலைக்காட்சியையும் கூட அரித்துவிடும். அன்று மாலையே அவர்களை மேற்குக் கரைக்கு மாற்றினேன். மாற்றிய இடத்தில் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது, இத்தனைக்கும் நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர் கூட இல்லை. அன்றிலிருந்து வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

பாசி மொத்தமாக வருவது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலிருந்து கோடை முடியும் வரை. பிப்ரவரியில் பொதுவாகக் குறைவு, ஆனால் பிப்ரவரியிலேயே தொடங்கிய ஆண்டுகளும் உண்டு. ஆறு மாதம் முன்னால் பதிவு செய்யும்போது அந்த வாரம் வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்ப வேண்டாம். கிளம்பும் வாரத்தில் பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தேயோ-ஃபிரான்ஸ் அண்டிலிஸ் தீவுகளுக்கென்று வெளியிடும் சார்கசம் அறிக்கையைப் பாருங்கள், சில நாளுக்கு முன்னதாகத் தெரிந்துவிடும்.

சரி, ஊர்களுக்கு வருவோம். ஹோட்டல் என்று நினைத்துத் தேடினால் உங்களுக்கு முதலில் வந்து நிற்கும் ஊர் லெ கோசியே. கிராந்த்-தேரின் தென்கரையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். பெரிய ஹோட்டல்கள் நெருக்கமாக இருப்பது இங்கேதான். வசதி உண்டு, நீச்சல்குளம் உண்டு, கார் இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் அந்த ஹோட்டல்களின் கடற்கரை பெரும்பாலும் கல் அணைகளுக்கு நடுவே இருக்கும் சிறுசிறு துண்டுகள். பத்து நாளும் அங்கே கிடப்பதற்கு அத்தனை தூரம் பறக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். எதிரே கலங்கரை விளக்கோடு ஒரு குட்டித் தீவு இருக்கிறது. ஊர்க் கடற்கரையிலிருந்து படகில் சில நிமிடத்தில் போய்விடலாம், அது மட்டும் அருமை. லெ கோசியேவை முதல் இரவுக்கோ கடைசி இரவுக்கோ வைத்துக்கொள்வது என் பழக்கம்.

அங்கிருந்து கிழக்கே போனால் சேன்த்-ஆன். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மனதில் வந்த ஊர் இதுதான். ஊருக்குள்ளேயே கடற்கரை, முன்னால் பவளப்பாறை ஒரு சுவர் மாதிரி நின்று அலையைத் தடுத்துவிடும். உள்ளே தண்ணீர் இளஞ்சூடாக, ஆழமில்லாமல், பச்சையும் நீலமுமாக இருக்கும். 5 வயதுப் பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று விளையாட, நீங்கள் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். சாலையின் மறுபக்கம் காய்கறிச் சந்தை, மருந்துக் கடை, ரொட்டிக் கடை. மர வாளியில் ஐஸையும் உப்பையும் கொட்டி, நடுவில் இருக்கும் பாத்திரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித் தேங்காய் சொர்பே செய்து விற்கும் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தேங்காய்ப்பால், ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல் வாசனை. உங்கள் பிள்ளைகள் தினம் மூன்று கேட்கும், பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதிகம், இசை அதிகம், ஞாயிற்றுக்கிழமை ஊர்க் குடும்பங்கள் அண்டா, மேசை, நாற்காலியோடு வந்துவிடும். எனக்கு அது பிடிக்கும், நம் ஊர்க் காணும் பொங்கல் மாதிரி. அமைதி தேடி வருகிறவர்களுக்குப் பிடிக்காது. தென்கரை என்பதால் பாசி வரவும் வாய்ப்புண்டு. ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் புவா ஜோலான் இதைவிட ஆழமில்லாத கடல், ஆனால் பாசிக் காலத்தில் முதலில் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று.

இன்னும் கிழக்கே சேன்-ஃபிரான்சுவா. படகுத்துறை, கோல்ஃப் மைதானம், கொஞ்சம் பணக்காரத் தோற்றம், காற்று அதிகம். கல் மாதிரி அசையாமல் வெயில் காயும் இகுவானா என்ற பெரிய ஓணான்களைப் பார்க்க பெத்தித்-தேர் தீவுக்குப் படகு இங்கிருந்துதான். தீவின் கிழக்கு நுனியான புவாந்த்-தே-ஷாத்தோவில் நின்று பார்க்க வேண்டும், குளிக்கக் கூடாது. வடகிழக்கே லெ மூல் அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். சிறு பிள்ளைகளோடு அங்கே தங்க நான் சொல்லமாட்டேன்.

இப்போது மேற்குச் சிறகு. அங்கே எல்லோரும் சொல்லும் ஊர் தெயே. எழுதியிருப்பதைப் பார்த்துப் படித்தால் வேறு மாதிரி வரும், ஊர்க்காரர்கள் சொல்வது இப்படித்தான். சிறு மீன்பிடி வளைகுடா, மேலே தாவரவியல் பூங்கா, வடக்கே கிராந்த் ஆன்ஸ் என்ற நீளமான பொன்னிறக் கடற்கரை. தீவின் மிக அழகான கடற்கரை எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். காற்று மறைவுப் பக்கம், அதனால் பாசித் தொல்லை அரிது. ஆனால் அழகான கடல் எல்லாம் பிள்ளைகளுக்கான கடல் இல்லை. கிராந்த் ஆன்ஸில் நாலைந்து அடி எடுத்து வைத்தால் தரை சட்டென்று இறங்கும், அலை கரையிலேயே உடையும். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் புயல் கிளம்பினால் அதன் அலை இரண்டு மூன்று நாளில் இங்கே வந்து சேரும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அந்த வடக்கு அலை வரும் நாள்களில் மேற்குக் கரையும் வடகரையும் குளிக்க லாயக்கில்லை. அதே நாளில் தெற்கே சேன்த்-ஆன் அமைதியாக இருக்கும். அதாவது பாசிக்கு மேற்கு நல்லது, பிப்ரவரி அலைக்குத் தெற்கு நல்லது. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே கரை கிடையாது.

தெயேயில் இன்னொரு சங்கதி. "கடல் தெரியும் வீடு" என்றால் அங்கே மேட்டு வீடு என்று அர்த்தம். சிமெண்ட் போட்ட சரிவில் வண்டியை முதல் கியரில் ஏற்ற வேண்டும், ஏறியபின் வீட்டுக்குள் இறங்க இருபது முப்பது படி. காட்சி பிரமாதம், அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. தெற்கே புய்யாந்த்தில் மலாந்தியூர் கடற்கரை கறுப்பு மணல். எதிரே பிஜியோன் தீவுகளைச் சுற்றி, கடலடி ஆய்வாளர் குஸ்தோ பெயரில் எல்லோரும் சொல்லும் கடல் காப்பகம். கரையிலிருந்து கொஞ்சம் நீந்தினாலே பச்சை ஆமைகள் புல் மேய்வதைப் பார்க்கலாம். நீந்தாத அம்மாவுக்குக் கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் வெந்நீர் ஊற்றுகளும் உண்டு. அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள். மண்ணில் ஓடி வரும் வெந்நீரில் ஒருவகை அமீபா இருக்கலாம், மூக்குக்குள் தண்ணீர் போவதுதான் ஆபத்து. பிள்ளைகளின் தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும்.

அதிகம் பேர் யோசிக்காத ஊர் ஒன்று: கிராந்த்-தேரின் மேற்குப் பக்கம், இரண்டு சிறகுக்கும் நடுவே உள்ள பெரிய வளைகுடாவின் வாசலில் போர்-லூயி. அதன் சூஃப்ளேர் கடற்கரை மேற்கு பார்த்தது, மணல் வெளுப்பு, பாசி குறைவு, பயணிகளும் குறைவு. வடக்கு அலை நாள்களில் மட்டும் அதற்கும் அடி விழும். கடைகண்ணி குறைவு, கார் கட்டாயம். கார் ஓட்டுகிறவராக இருந்தால் உங்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். மரி-கலாந்த், லெ சேன்த் ஆகிய சிறு தீவுகளில் தங்குவது வேறு வகைப் பயணம். இந்த முறை பகல் பயணமாகப் போய் வந்தால் போதும். லெ சேன்த்துக்கு த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து கப்பல் ஏறுங்கள், அரை மணிக்கும் குறைவு. அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்றால் நீண்ட கடல் வழி வேண்டாம், தீவுகளுக்கு நடுவே உள்ள அந்தக் கடலில் ஆட்டம் அதிகம்.

கார் விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசுவேன். கார் இல்லாமல் ஒரு ஊரில் இருக்கலாம், தீவைப் பார்க்க முடியாது. பேருந்து உண்டு, ஆனால் மாலையில் சீக்கிரம் நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை அரிது. டாக்சிக்கு நீளமான தூரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் சில நாள் கார் எடுத்துவிடலாம். சேன்த்-ஆனிலிருந்து தெயேவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், சாலை காலியாக இருந்தால் ஒன்றேகால் மணி. ஆனால் இரண்டு சிறகையும் இணைக்கும் பாலமும் ஜாரி தொழிற்பேட்டையும் காலை 6 மணியிலிருந்து 9 வரை, மாலை 4இலிருந்து 6 வரை நெரிந்து நிற்கும். அந்த நேரத்தில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். பிப்ரவரியில் மாலை ஆறேகாலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். அதன்பின் மலைச் சாலையில் விளக்கு இல்லை, வேகத்தடை இருப்பது ஏறி இறங்கிய பிறகுதான் தெரியும். அதனால் முதல் நாள் விமானத்திலிருந்து இறங்கி, எட்டரை மணி நேரப் பயணக் களைப்போடு, இருட்டில் மேற்குக் கரைக்கு வண்டி ஓட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஹோட்டலா வீடா என்பதை அம்மாவின் சாப்பாடு முடிவு செய்யும். தீவில் எல்லாம் அடங்கிய ஹோட்டல்கள் சிலவே, அவற்றின் பஃபேயில் சைவம் என்றால் சாலட்டும் உருளைக்கிழங்கும்தான். பத்து நாள் ஓடாது. அடுப்பும் ஃபிரிட்ஜும் உள்ள வீடு எடுங்கள், அங்கே ஜீத் என்பார்கள். அம்மா சந்தைக்குப் போனால் சந்தோஷப்படுவார்: வெண்டைக்காய், பூசணி, சௌசௌ, ஈரப்பலாக்காய், பச்சைத் துவரை எல்லாம் கிடைக்கும். மசாலாக் கடையில் கொலோம்போ என்று ஒரு தூள் விற்பார்கள், மோந்து பாருங்கள்: மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு. குழம்பு என்ற சொல்தான் அப்படி ஆயிற்று என்பவர்கள் உண்டு, கொழும்பு நகரத்தின் பெயர் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் அது அங்கே போய்ச் சேர்ந்தது நம் ஆட்களோடுதான். 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைத் தீவின் துறைமுக நகரமான புவாந்த்-ஆ-பித்ரில் இறக்கியது. அதன்பின் முப்பது சொச்சம் ஆண்டுகளில் 40,000 பேருக்கு மேல் வந்தார்கள், புதுச்சேரி, காரைக்கால் வழியாக வந்த தமிழர்கள் அதில் ஏராளம். அங்கே தபால் பெட்டிகளில் ராமசாமி, முத்துசாமி என்ற குடும்பப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் பார்க்கலாம். கிழங்கு விஷயத்தில் மட்டும் ஒரு கவனம். 1972இலிருந்து 1993 வரை வாழைத் தோட்டங்களில் தெளித்த குளோர்தெக்கோன் பூச்சிமருந்து பாஸ்-தேரின் தென்பகுதி மண்ணில் இன்றும் இருக்கிறது, கிழங்குகள் அதை ஏற்றுக்கொள்ளும். பத்து நாளில் என்ன ஆகிவிடும், பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது என் எண்ணம். ஆனாலும் சேம்பு, வள்ளிக்கிழங்கை எங்கே விளைந்தது என்று தெரியாத சாலையோரக் குவியலில் வாங்காமல் கடையில் வாங்குங்கள்.

வீடு என்று முடிவானால் பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது நீச்சல்குளம் பற்றி அல்ல, தண்ணீர் பற்றி. குவாதலூப்பின் குழாய்கள் பழையவை, ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி வழியிலேயே ஒழுகிவிடுகிறது. அதனால் முறைவைத்துத் தண்ணீரை நிறுத்துவார்கள், தூர்-தோ என்று பெயர். கிராந்த்-தேரில் நிறையப் பேர் அவதிப்படுவார்கள். பாரிஸில் இருந்து போகிறவர்களுக்கு இது நம்பமுடியாமல் இருக்கும், சென்னையில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். "சிதெர்ன் இருக்கிறதா, அதற்கு மோட்டார் இருக்கிறதா" என்று எழுதிக் கேளுங்கள், சிதெர்ன் என்றால் தண்ணீர்த் தொட்டி. உண்டு என்றால் ஒரு வரியில் பதில் வரும். நீளமாகச் சமாதானம் வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். அப்புறம், விளம்பரத்தில் இரண்டு சொற்றொடரைப் பிரித்துப் படியுங்கள். "வ்யூ மேர்" என்றால் கடல் தெரியும், அவ்வளவுதான், கடல் மூன்று கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். "பியே தான் லோ" என்றால் கால் வைத்தால் தண்ணீர். இரண்டாவதில் பாசி, உப்புக்காற்று, அலைச் சத்தம் மூன்றும் இலவசம். எனக்குப் பிடித்தது நடுவாந்தரம்: கடலிலிருந்து ஐந்து பத்து நிமிட நடை, சாலையைக் கடக்காத வழி. விருந்தினர் கருத்துகளில் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காமல், பிப்ரவரியில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள். இரவில் சிறு மரத்தவளைகள் ஊசி குத்துவது மாதிரி விடிய விடியக் கத்தும். பல வீட்டு ஜன்னலில் கண்ணாடி இல்லை, மரப்பட்டைகள்தான், அதனால் சத்தம் அறைக்குள்ளேயே இருக்கும். இரண்டு இரவில் பழகிவிடும், தூக்கம் லேசானவர்கள் பஞ்சு எடுத்துப் போங்கள். கொசுவலை இருக்கிறதா என்றும் கேளுங்கள், டெங்கு உள்ள தீவு.

கடலோர ஹோட்டலுக்கு இன்னொரு காரணம் "சொந்தக் கடற்கரை" என்று நினைத்திருந்தால், அப்படி ஒன்று அங்கே இல்லை. அரசர் காலத்திலிருந்தே கரையோரம் ஐம்பது அடிவைப்பு, கணக்கில் 81.20 மீட்டர், அரசு நிலம். பெரிய விடுதிகள் முன்னால் இருக்கும் கடற்கரையிலும் நீங்கள் துண்டு விரிக்கலாம், நாற்காலிதான் அவர்களுடையது. மரத்தடியில் விரிக்கும் முன் மட்டும் மரத்தைப் பாருங்கள். மான்ஸ்னியே என்ற மரத்தின் பால் தோலைக் கொப்புளமாக்கும், குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய், நல்ல விஷம். மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் தண்ணீரே சுடும். பெரும்பாலும் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள், எல்லா மரத்திலும் அல்ல. உங்கள் 9 வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே இதைக் காட்டிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியதை இங்கே சொல்கிறேன், மன்னிக்கவும். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றீர்கள். பிரெஞ்சு வதிவிட அட்டை இருந்தால் கவலையில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் வந்திருந்தால், குவாதலூப் பிரான்ஸின் மாவட்டமாக இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை, அந்த விசா அங்கே தானாகச் செல்லாது. விசா ஒட்டியிருக்கும் பக்கத்தில் எந்த நிலப்பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் முறுக்கு எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இனி நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது. முதல் 7 இரவு சேன்த்-ஆனில், ஊர்க் கடற்கரைக்கு நடக்கும் தூரத்தில், தரைத்தளத்தில், தொட்டியும் அடுப்பும் உள்ள வீடு. விமான நிலையத்திலிருந்து வண்டி அனுப்பச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசுவேன், முதல் நான்கு நாள் கார் எடுக்கமாட்டேன். ஐந்தாம் நாள் கார், தங்குமிடத்துக்கே கொண்டுவந்து கொடுக்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. கடைசி 3 இரவு தெயே பக்கம், மேடில்லாத ஒரு வீட்டில். பாசி வந்தாலும் வடக்கு அலை வந்தாலும் விடுமுறையில் பாதியாவது தப்பும், காட்டையும் ஆமையையும் பார்த்த மாதிரியும் ஆகும். நடுவில் பெட்டி கட்டுவது அம்மாவுக்குச் சிரமம் என்றால் பத்து நாளும் சேன்த்-ஆனிலேயே இருங்கள். மேற்குப் பக்கம் போகும் நாளில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள், அல்லது பாலம் காலியாக இருக்கும் ஞாயிறு போங்கள். பிப்ரவரி கார்னவல் மாதம். அது உச்சத்துக்கு வரும் மார்தி-க்ரா வாரத்தில் சாலைகள் அடைபடும், கடைகள் மூடும், அந்த நாள்களில் இடம் மாறும்படி பதிவு செய்யாதீர்கள்.

கடைசி நாள் காலை 10 அல்லது 11 மணிக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், பாரிஸ் விமானம் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோதான். அந்த ஏழெட்டு மணி நேரத்தைப் பெட்டிகளோடு கடற்கரையில் கழிக்காதீர்கள், நிறுத்தியிருக்கும் வாடகைக் காரில் பெட்டி இருப்பது திருடனுக்குத் தெரியும். தாமதமாகக் காலி செய்ய எவ்வளவு கேட்பார்கள் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் ஒருவர் வண்டியிலேயே இருக்கிற மாதிரி ஒரு சுற்று வையுங்கள்: தெயேவிலிருந்து தென்கிழக்கே காபெஸ்தேர்-பெல்-ஓ வரை போனால் ஷாங்ஜியில் சாலையோரமாகவே கோபுரமும் சிலைகளுமாக ஒரு கோயில் நிற்கும். அம்மா அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கட்டும். அங்கிருந்து விமான நிலையத்துக்கு நல்ல சாலை, நான்கு மணி நெரிசலுக்கு முன் கிளம்பினால் முக்கால் மணி நேரம்.